மாறுதல், திரிதல், ஆதல்: சங்கரன்கோவில் வழக்குகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி

1

ஆங்கில மொழியில் 'சேஞ்ச்' என்பது சிறுவரும் அறிந்த எளிய சொல். இலையின் நிறம் வேறுபடினும், ஒருவர் உடுத்த உடையைக் களைந்து வேறுடை உடுப்பினும், வழியில் ஒரு வண்டியினின்று இறங்கி மற்றொன்றில் ஏறினும், பெரிய நாணயத்திற்குச் சில்லறை பெறினும், ஆட்சி கைம்மாறினும், உள்ளம் திருந்தினும் அம்மொழியார்க்கு அவ்வொரு சொல்லே அமைகின்றது. அதனைத் தமிழில் பெயர்ப்போரும் இக்காலத்தில் 'மாற்றம்' என்னும் ஒரு சொல்லையே எல்லாவிடத்தும் வைக்கின்றனர். இடமாற்றம், மனமாற்றம், பெயர்மாற்றம், உருமாற்றம், ஆட்சி மாற்றம், வேதியியல் மாற்றம், மரபணு மாற்றம், பருவநிலை மாற்றம் எனப் பள்ளிப் பாடநூல் முதல் நாளிதழ் வரை இச்சொல்லே நிறைந்துள்ளது.

ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாதல் குற்றமன்று. ஆயினும், வேறு வேறு நிகழ்ச்சிகளை வேறு வேறு சொல்லால் பிரித்துணர்த்தும் ஆற்றல் ஒரு மொழிக்கு முன்னரே இருக்க, அவ்வாற்றலை இழந்து பிறமொழியின் பொதுச்சொல்லுக்கு ஏற்பத் தன்னைக் குறுக்கிக்கொள்ளுதல் இழப்பேயாம். தமிழில் மாறுதல், திரிதல், ஆதல் என்னும் மூன்றும் ஒரு பொருட் கிளவிகள் அல்ல. இவற்றின் வேறுபாட்டை விளக்குதற்குத் தென்பாண்டி நாட்டுச் சங்கரன்கோவிலின் பெயரும், அவ்வூர்க் கோயிலின் வரலாறும் பெருந்துணை செய்வன. ஆதலின் அவற்றையே சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2

முதற்கண் 'மாறு' என்னும் அடியை நோக்குவாம். பண்டமாற்று, கைம்மாறு, கைமாற்று, மாற்றுடை, மாற்றாந்தாய், மாற்றான், மாறுவேடம், மாறி மாறி என்னும் வழக்குகளை ஒருங்கு வைத்துக் காண்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். இவை எல்லாவற்றிலும் பொருள் இரண்டு உள. ஒன்று நீங்க, அதனிடத்து மற்றொன்று வருகின்றது. அன்றி, ஒன்றற்கு எதிராக மற்றொன்று நிற்கின்றது. நெல் கொடுத்து உப்புப் பெறுதல் பண்டமாற்று. செய்த உதவிக்கு எதிரே செய்யும் உதவி கைம்மாறு. பெற்ற தாயின் இடத்தில் வந்தவள் மாற்றாந்தாய். எதிர்நிற்பவன் மாற்றான். இரண்டின்றி மாறுதல் இல்லை என்பது இவற்றால் பெறப்படும்.

'மாற்றம்' என்னும் சொல் பண்டைத் தமிழில் சொல் எனவும் விடை எனவும் பொருள்பட்டமைக்கும் காரணம் இதுவே எனலாம். ஒருவர் கூற்றிற்கு எதிராக மற்றொருவர் கூறுவது மாற்றம். திருக்குறளில் அவையஞ்சாமை என்னும் அதிகாரத்து 725-ஆம் குறளில் இச்சொல் விடை என்னும் பொருளிலேயே நிற்கின்றது. திருவாசகத்துச் சிவபுராணத்திலோ, ஓரிடத்தில் இறைவனை எட்டமாட்டாத மொழி என்னும் பொருளிலும், பிறிதோரிடத்தில் நிலையாது வேறுபடும் உலகின் தன்மை என்னும் பொருளிலும் இச்சொல் வந்துள்ளது. ஒரு நூலின் ஒரு பகுதியிலேயே பழம்பொருளும் பிற்காலத்துப் பெருகிய பொருளும் அருகருகே நிற்றல் சொல்லாராய்ச்சியாளர் கருதத்தக்கது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இவ்விருவகைப் பொருளையும் காட்டுகின்றது. இன்று எழுதுவோர் பின்னதை மட்டுமே அறிவர்.

ஆங்கிலச் சொல்லின் வரலாறும் ஈண்டு நமக்கு உதவுகின்றது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. அதன் மூலம் பண்டமாற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையாகும். எனவே, 'சேஞ்ச்' என்பதும் 'மாறு' என்பதும் பிறப்பால் ஒத்தவை; இரண்டும் கொடுத்துப் பெறுதலினின்று கிளைத்தவை. பேருந்தில் நடத்துநர் 'சேஞ்ச்' இருக்கின்றதா என வினவுங்கால், அயற்சொல்லே ஆயினும், அதன் மூலப் பொருள் பிழையாது வழங்குகின்றார். பின்னர் ஆங்கிலத்தில் அச்சொல் வேறுபாடு அனைத்திற்கும் பொதுவாய் விரிந்தது. அவ்விரிவைத் தமிழும் அப்படியே மேற்கொள்ள வேண்டும் என்னும் நியதி யாதும் இல்லை.

3

இனித் 'திரி' என்பதனைக் காண்பாம். பால் திரிந்தது என்கின்றோம். பால் மாறியது என்பதில்லை. பாலின் இடத்து வேறொன்று வந்து அமரவில்லை. பால்தானே தன் இயல்பினின்று நீங்கிற்று. பஞ்சை முறுக்கி விளக்கிற்கு இடுவது திரி. தென்மாவட்டங்களில் அரிசியையோ கேழ்வரகையோ அரைத்து மாவாக்குதலை மாவு திரித்தல் என்பர். இவற்றில் எல்லாம் பொருள் ஒன்றே, நிலை வேறுபடுகின்றது.

புலவர் வழக்கும் இதற்கு அரணாகும். திருக்குறள் 452-ஆம் குறள், தான் சேர்ந்த மண்ணின் தன்மை ஏறி நீர் தன் இயல்பு கெடுதலைத் திரிதல் என்னும் வினையாலேயே குறிக்கின்றது. விருந்தோம்பல் அதிகாரத்தின் இறுதிக் குறள், விருந்தினரை நோக்கும் முகத்தின் வேறுபாட்டிற்கும் இவ்வினையையே ஆள்கின்றது. பட்டினப்பாலையின் தொடக்கத்தில் வெள்ளிமீன் தனக்குரிய திசையினின்று பிறழ்தலும் திரிதலே. மழை பொய்க்கும் காலத்தைச் சொல்லவந்த புலவர், இயல்பு வழுவுதலுக்குரிய சொல்லையே தேர்ந்தனர் என்க.

இலக்கண நூல்களுள் இச்சொல் பெற்ற வரலாறு தனியே நோக்கத்தக்கது. தொல்காப்பியர் புணரியலில் சொற்கள் புணருங்கால் நேரும் வேறுபாடு அனைத்தையும் திரிபு என்னும் பெயரால் அடக்கி, அதனை மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூவகைப்படுத்தினர். பவணந்தி முனிவரோ நன்னூலில் விகாரம் என்னும் வடசொல்லைப் பொதுப்பெயராக வைத்து, தோன்றல், திரிதல், கெடுதல் என அதனை மூன்றாக்கினர். தொல்காப்பியத்தில் பொதுவாய் நின்ற திரிபு நன்னூலில் மூன்றனுள் ஒன்றாய்ச் சுருங்கிற்று. வேறுபாட்டைச் சுட்டும் சொல்லே இவ்வாறு வேறுபட்டது. பொதுப்பெயராகும் தகுதி திரிபு என்னும் சொல்லுக்கு முன்னரே இருந்தது என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

4

இவ்விரண்டன் வேறுபாட்டை ஊர்ப்பெயர்களில் வைத்துக் காண்பது எளிது. 1969-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. அது பெயர்மாற்றம். ஒரு பெயர் நீங்கிற்று. அதனிடத்து மற்றொரு பெயர் அமர்ந்தது. செய்தவரும் உளர், செய்த நாளும் உண்டு. திருநெல்வேலியை ஆங்கிலேயர் 'டின்னவேலி' என வழங்கினர். அது பெயர்த்திரிபு. இன்ன நாளில் இன்னார் செய்தார் எனச் சுட்ட இயலாது. அயலார் நாவில் ஒலி தேய்ந்து பிறழ்ந்தது.

சங்கரன்கோவிலின் பெயர் எவ்வகை? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அரசாங்கப் பதிவுகளில் அவ்வட்டம் சங்கரநயினார்கோயில் என்றே வழங்கிற்று. நயினார் என்பது தலைவர் என்னும் பொருள்தரும் உயர்வுச் சொல். இன்று அச்சொல் பெயரில் இல்லை. இது நிகழ்ந்த முறையை இருவகையாகக் கருதலாம். நயினார் என்பதன் பிற்பகுதி தேய்ந்து, முதலெழுத்தின் மெல்லொலி மட்டும் எஞ்சி, சங்கரன் என நின்றது எனல் ஒன்று. நயினார் முழுதும் விழ, எஞ்சிய சங்கர என்பதனை மக்கள் ஆண்பாற்பெயர் வாய்பாட்டில் சங்கரன் என நிறைத்துக்கொண்டனர் எனல் மற்றொன்று. இவற்றுள் எது கொள்ளினும், ஒருவர் ஆணையால் ஒரு பெயர் போய் வேறொரு பெயர் வந்ததாகாது. நெடுநாள் வழங்கி மருவிய பெயரே இது. எனவே திரிபு எனல் வேண்டும், மாற்றம் எனல் பொருந்தாது. மாறாக, 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி மாவட்டம் தோன்றியபோது இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தினின்று அதன்கண் சேர்ந்தது. அது மாற்றமே. ஊர் இருந்தவாறே இருந்தது. அது சார்ந்த மாவட்டம் மட்டும் ஒன்று நீங்கி ஒன்று வந்தது.

கோவில், கோயில் என்னும் இருவடிவங்களைப் பற்றியும் ஒரு சொல். கோ என்பதும் இல் என்பதும் புணருங்கால் வகர உடம்படுமெய் பெற்றுக் கோவில் ஆதல் நன்னூல் விதிக்கு ஒத்தது. யகரம் பெற்ற கோயில் என்பதோ சிலப்பதிகாரத்திலேயே அரசன் மனை என்னும் பொருளில் பயின்றுள்ள பழைய வடிவம். தொல்காப்பியர் உடம்படுமெய் வரும் என்றாரேயன்றி, இன்ன உயிர்க்கு இன்ன மெய் என வரையறுத்தாரல்லர். ஆதலின் கோயில் கோவிலாயிற்று எனவோ, கோவில் கோயிலாகத் திரிந்தது எனவோ கூறுதல் வேண்டா. இரண்டும் ஒரு புணர்ச்சியின் இருவேறு முடிபுகள். ஊரின் பெயர்ப்பலகையில் வகரமும், அவ்வூரின் திருக்கோயிற் பெயரில் யகரமும் இன்றும் பகையின்றி நிற்கின்றன.

5

மூன்றாவதாகிய 'ஆதல்' மேற்கூறிய இரண்டினும் நுண்ணியது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதற்கு ஓர் அரிய நெறி வகுத்துள்ளார். இயற்கைப் பொருளை இத்தன்மைத்து என்று வாளா கூறுக. செயற்கைப் பொருளை ஆக்கச்சொல் கொடுத்துக் கூறுக. அவ்வாக்கத்திற்குக் காரணத்தையும் முன்வைக்க என்பது அந்நெறியின் சாரம். வழக்கினுள் காரணமின்றி ஆக்கம் வருதலையும் அவர் உடன்பட்டார். கரிசல் மண் கரிது என்பது இயற்கை. நூற்றமையால் பஞ்சு நூலாயிற்று என்பது செயற்கை. மண் கரிதாயிற்று எனின், முன்னர்க் கரிதன்றாய் இருந்து இடையே கருமை பெற்றது எனப் பொருள்படும். ஒரு சிறு ஆக்கச்சொல் ஒரு பொருளுக்கு முன்னிலை, பின்னிலை என இரண்டனையும் படைத்துவிடுகின்றது.

இந்நெறியின் பயனைச் சங்கரன்கோவில் தலவரலாற்றில் தெளியக் காணலாம். நாகர் தலைவராகிய சங்கன், பதுமன் என்னும் இருவருள் சங்கன் சிவபெருமானிடத்தும், பதுமன் திருமாலிடத்தும் அன்பு பூண்டவர். தத்தம் கடவுளே பெரியர் என வாதிட்ட அவர்கள் அம்மையை அடைந்தனர். அம்மை புன்னைவனத்தில் தவமிருந்தாள். ஆடித் திங்கள் முழுமதி நாளில் இறைவன் ஒருபாற் சிவனும் ஒருபால் திருமாலுமாகிய சங்கரநாராயணக் கோலத்தைக் காட்டினான் என்பது வரலாறு. உக்கிரபாண்டியன் எடுப்பித்ததாகத் தலவரலாறு கூறும் அக்கோயிலில் சங்கரலிங்கர் சந்நிதிக்கும் கோமதியம்மன் சந்நிதிக்கும் இடையே சங்கரநாராயணர் சந்நிதி அமைந்துள்ளது. ஆண்டுதோறும் ஆடித்தபசு விழாவில் மாலையில் சங்கரநாராயணராகவும் இரவில் சங்கரலிங்கராகவும் இருமுறை காட்சி நிகழ்கின்றது.

இந்நிகழ்ச்சியைக் கூறுமிடத்துச் 'சிவபெருமான் சங்கரநாராயணராக உருமாறினார்' என எழுதும் வழக்கம் இக்காலத்துப் பரவி வருகின்றது. இவ்வாக்கியம் சிறுபிழை போலத் தோன்றினும், வரலாற்றின் கருத்தையே கெடுப்பதாகும். என்னை? உருமாறினார் எனின், முன்னர் இருந்த உரு நீங்கிற்று என்பது பெறப்படும். சங்கரநாராயணர் திருமேனியிலோ எதுவும் நீங்கவில்லை. வலப்பால் சிவனுக்குரிய கோலமும் இடப்பால் திருமாலுக்குரிய கோலமும் ஒருங்கே உள. திரிந்தார் எனலும் ஆகாது. இயல்பினின்று வழுவுதல் ஈண்டு இல்லை. ஆயினார் என்றால், முன் அவ்வாறு இல்லாதிருந்து பின் ஆயினார் எனச் செயற்கையாய் முடியும். அப்பொழுது, முதலில் இருந்தவர் யார், பின்னர் ஆயினவர் யார் என்னும் வினா எழும். முதல்வர் யார் என்பதன்றோ சங்கனும் பதுமனும் தொடுத்த வழக்கு? அம்மை தவமிருந்து தீர்த்துவைத்த அவ்வழக்கை ஒரு வினைச்சொல்லின் பிழையால் நாம் மீண்டும் எழுப்பிவிடுகின்றோம்.

விழாவில் மாலைக் கோலமும் இரவுக் கோலமும் ஒன்றன்பின் ஒன்றாக வருதலின் மாறுதல் உண்டு அன்றோ எனின், உண்டு. ஆனால் மாறுவது காட்சியேயன்றிக் காட்டப்படும் பொருள் அன்று. இந்நுட்பத்தை அவ்வூர் மக்கள் வழக்கு வழுவாது காத்துள்ளது. தபசுக் காட்சி என்றும், சாமி காட்சி கொடுத்தார் என்றுமே அவர்கள் கூறுவர். காட்டுதற்கு முன்னரும் பொருள் அவ்வாறே இருந்தது என்பது அவ்வினையிற் போதரும். இயற்கைப் பொருளை ஆக்கமின்றிக் கூறுக என்ற தொல்காப்பிய நெறி, இலக்கணம் கல்லாதார் நாவில் பிழையின்றி நடக்கின்றது. அச்சேறும் உரைநடையில்தான் அது தவறுகின்றது.

6

இவ்வேறுபாடு பழைய நூற்பொருளுக்கும் கோயில் வரலாற்றிற்கும் மட்டும் உரியது என்று கருதற்க. இன்றைய அறிவியல் தமிழிலும் இதன் இன்றியமையாமை பெரிது. 2021-ஆம் ஆண்டு கொரோனா நச்சுயிரின் புதிய வகைகள் பரவியபோது, நம் நாளிதழ்கள் ஒருபால் 'உருமாறிய கொரோனா' எனவும், மற்றொருபால் 'டெல்டா திரிபு', 'ஒமைக்ரான் திரிபு' எனவும் எழுதின. பின்னதே தக்கது. அங்கே ஒரு நச்சுயிர் போய் மற்றொரு நச்சுயிர் வரவில்லை. ஒன்றன் வழித்தோன்றலே தன் முன்னைய அமைப்பினின்று பிறழ்ந்தது. இலக்கண ஆசிரியர் தந்த பழஞ்சொல், யாரும் கட்டளையிடாமலே, தனக்குரிய இடத்தைத் தானே பெற்றது மகிழ்தற்குரியது.

இதனினும் வியப்பானது ஒன்று உளது. உயிர்களின் மரபுச் செய்தி நான்கு வகை வேதிப்பொருள்களின் வரிசையால் அமைவது. அறிவியலார் அவற்றை எழுத்துக்கள் என்றே உவமை வகையாற் கூறுவர். அவ்வரிசையில் இயல்பாக நேரும் பிறழ்ச்சிகளுள் தலையாயவை மூன்று: ஓரெழுத்தின் இடத்து வேறெழுத்து நிற்றல், எழுத்து மிகுதல், எழுத்துக் குறைதல். அரிவாள் செல் இரத்தசோகை என்னும் நோய் ஓரெழுத்துப் பிறிதாதலால் வருவது. தொல்காப்பியர் கூறிய மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்னும் மூன்றும் இவற்றோடு ஒத்தல் காண்க. இதனால் தொல்காப்பியர் மரபணுவியலை அறிந்திருந்தார் எனக் கூறுவது எம் கருத்தன்று. அத்தகைய கூற்றுக்கள் அவர்க்குப் பெருமை தாரா. வரிசைப்பட நிற்கும் எழுத்துக்கள் எவையாயினும், அவை வேறுபடும் வழிகள் இம்மூன்றனுள் அடங்குதல் இயல்பு. எழுத்து வரிசையை நுணுகி ஆய்ந்தவர் வகுத்த சொற்கள், எழுத்துப்போல் நிற்கும் பிறபொருள் வரிசைக்கும் பொருந்துவன என்பதே யாம் கூறக் கருதியது.

இந்நிலையில், இயல்பாய் நேரும் பிறழ்ச்சியையும், மக்கள் வேண்டுமென்றே பிறிதோர் உயிரின் மரபணுவைக் கொண்டுவந்து புகுத்துதலையும் 'மரபணு மாற்றம்' என ஒரே தொடரால் வழங்குதல் மயக்கத்திற்கு இடமாகும். முன்னது மரபணுத்திரிபு எனப்படுதல் வேண்டும். இந்திய நாட்டில் 2002-ஆம் ஆண்டு பயிரிட ஒப்புதல் பெற்ற பி.டி. பருத்தியோ மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றன் மரபணு புகுத்தப்பெற்றது. ஓர் உயிர்க்கு உரியது மற்றோர் உயிர்க்குக் கைம்மாறியமையின் அதனை மரபணு மாற்றுப் பயிர் எனல் தகும். செய்தாரும் காலமும் அறியப்படுதலின் ஊர்ப்பெயர்களிற் கண்ட வேறுபாடே இங்கும் நிற்கின்றது. கரிசல் நிலத்தில் பருத்தி விதைக்கும் உழவர்க்கு, தாம் வாங்கும் விதை தானே திரிந்ததா, பிறர் செய்த மாற்றுடையதா என்பது வெறும் சொல்வேறுபாடு ஆகாது. அதனை அறிவிக்கவேண்டிய சொல் மழுங்கியிருத்தல் நன்றன்று.

பருவநிலை மாற்றம் என்னும் தொடரையும் இவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். கார் போய்க் கூதிரும், கூதிர் போய் முன்பனியும் வருதல் பருவங்களின் மாற்றம். அஃது உலகின் இயல்பு. அப்பருவங்களே தம் இயல்பு வழுவுதல் பருவநிலைத் திரிபு. முன்னையது அச்சம் தருவதன்று. பின்னையது அச்சம் தருவது. இரண்டற்கும் ஒரு சொல்லை வைத்தமையால், கேட்போர்க்கு இடுக்கண் இன்னதென்பது உறைக்காமற் போகின்றது. வழக்கு வேரூன்றிவிட்டமையின் இனி அத்தொடரை முழுதும் விலக்குதல் அரிது என்பதனை யாம் அறிவோம். ஆயினும், விளக்கம் எழுதுவோர் திரிபு என்னும் சொல்லையும் உடன் வைத்து எழுதுதல் பயனுடைத்து.

7

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. இரண்டு பொருள் இருந்து, ஒன்று நீங்க அதனிடத்து ஒன்று வரின் அது மாறுதல். ஒரு பொருளே தன் இயல்பினின்று பிறழின் அது திரிதல். முன் இல்லாத தன்மையைக் காரணத்தால் ஒரு பொருள் எய்தின் அது ஆதல். இம்மூன்றும் இன்றி, உள்ளது உள்ளவாறே புலப்படின் அது காட்சி. ஆங்கிலச் சொல்லைக் கண்டவிடத்து மொழிபெயர்ப்போர் இந்நான்கு வினாக்களையும் எழுப்பி, விடைக்கேற்ற சொல்லைத் தெரிந்து அமைத்தல் வேண்டும்.

ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் தருதலோடு அகராதியின் கடமை முடிந்துவிடாது. எச்சூழலில் எச்சொல் என்னும் வேறுபாட்டையும் காட்டுதல் அதன் கடமை. 1926 முதல் பேரகராதியின் பதிப்பாசிரியராய் இருந்து அப்பணியை நிறைவேற்றிய வையாபுரிப்பிள்ளை நெல்லை நாட்டினர். அந்நாட்டு மக்கள் நாவிலும், அதன் ஊர்ப்பெயர்களிலும், கோயில் வழக்குகளிலும் இத்தகைய நுண்பொருள் வேறுபாடுகள் இன்னும் எத்துணையோ உயிரோடு உள. ஆங்கிலம்–தமிழ் அகராதி ஆக்குவோரும், பாடநூல் எழுதுவோரும் அவற்றை ஏட்டில் உள்ள இலக்கணத்தோடு ஒப்புநோக்கித் தொகுப்பாராயின், கலைச்சொல் வேண்டிப் புதியன புனையும் உழைப்பிற் பெரும்பகுதி குறையும்.